புளியடிக் கலுங்கில் ஒரு உபயக் கல்

பனிமலர் மகளிர் குழுவுக்கு முத்துநாயகம் அறுபத்துநாலாயிரம் ரூபாய் கடன்பட்டிருந்தார். குழு தன் உறுப்பினர்களுக்கு மட்டுமே கடன் கொடுக்கும். ஆகவே புத்தகத்தில் ஏறியது அவர் மனைவி பகவதியின் பெயர். வாங்கியது ஜூன் மாதம். பணம் முழுதும் சிமெண்டுக்கும் கம்பிக்கும் வேலையாட்கள் கூலிக்கும் போனது. குடிக்கோ சீட்டாட்டத்துக்கோ ஒரு பைசா போகவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். மாவறவிளையில் ஒருவன் கடன்பட்டால் ஊர் முதலில் அவன் வாயை மோந்து பார்க்கும்.

முத்துநாயகம் படித்தது ஐந்தாம் வகுப்பு. பதிமூன்று வயதில் கருங்கல் பக்கம் ஒரு பாறைக்குழியில் ஜல்லி சுமந்தவர். இருபதில் கொத்தனார். முப்பத்தைந்தில் நாலு பேருக்குச் சம்பளம் கொடுத்தார். இன்று அறுபத்தாறு. இரணியல் முதல் களியக்காவிளை வரை அவர் எழுப்பிய மதில்கள் நிற்கின்றன. ஒன்றில் வெடிப்பு காட்டிவிட்டால் மீசையை எடுத்துவிடுவதாக அவர் சவால் விட்டு இருபது வருஷமாகிறது. மீசை அப்படியே இருக்கிறது.

ஆனால் ஒன்று. அவர் கட்டிய எதிலும் அவர் பெயர் கிடையாது. பேருந்து நிழற்குடையில் மஸ்கட்காரன் பெயர். பஜனை மடத்தில் முந்திரி ஆலைக்காரர் பெயர். நம் பக்கத்தில் யார் எது கொடுத்தாலும் ‘உபயம்’ என்று பெயரை எழுதிவிட வேண்டும். குழல் விளக்கு வாங்கிக் கொடுத்தால்கூட பாதி வெளிச்சம் எழுத்துக்கே போய்விடும். சுவர் எழுப்பினவன் பெயரை மட்டும் எவனும் எழுதுவதில்லை. இது அவருக்குள் நாற்பது வருஷமாக உறுத்திக்கொண்டு கிடந்தது.

புளியடிக் குளத்தின் மறுகால் ஓடை ஊரை இரண்டாகப் பிளந்துகொண்டு ஓடுகிறது. ரோட்டுக்கு அடியில் அந்தத் தண்ணீர் போவதற்கு இருந்த சிறுபாலத்தைக் கலுங்கு என்போம். போன வருஷ மழையில் அது ஒரு பக்கம் இடிந்தது. பள்ளிக்கூட ஆட்டோ சரிந்து இரண்டு பிள்ளைகளுக்குக் கை ஒடிந்தது. மகளிர் குழுத் தலைவி நேசம்மாள் சும்மா இருக்கவில்லை. குழுவில் மற்ற பதினோரு பெண்களையும் கூட்டிக்கொண்டு மூன்று கிராம சபைகளில் மனு கொடுத்தாள். மூன்றாவதில் தீர்மானம் நிறைவேறியது. தொகை ஒன்றே முக்கால் லட்சம். இந்தச் சின்னத் தொகைக்கு வெளியூர் ஒப்பந்தக்காரர் ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. ஊராட்சித் தலைவி சுபிதா வீடு தேடி வந்தாள்.

“மாமா, நீங்க எடுத்தாத்தான் நடக்கும். வேலையை முடிச்சுத் தாருங்க, அளந்து பில் போட்டிருவோம்.”

அவர் எடுத்தார். கையில் இருந்தது போதவில்லை. மீதியைக் குழு கொடுத்தது. வேலையை ஐந்து வாரத்தில் முடித்தார். மதிப்பீட்டில் இல்லாத நாலடிப் பக்கச்சுவரைத் தன் செலவிலேயே நீட்டினார், அடுத்த மழையில் கரை அரிக்கக் கூடாது என்று. அந்த நாலடிதான் அவர் தலையில் ஏறிவிட்டது. நேரே கல் வெட்டுகிற கடைக்குப் போனார்.

“என்ன எழுதணும்?” என்று கேட்டான் கடைக்காரன்.

“எல்லாவனுக்கும் எழுதுத மாதிரியே எழுது.”

எழுதினான். கறுப்புக் கல்லில் மஞ்சள் எழுத்து: ‘உபயம்: தா. முத்துநாயகம்.’ கல்லுக்கும் எழுத்துக்கும் இரண்டாயிரத்து இருநூறு. கலுங்கின் கைப்பிடிச் சுவரில் தன் கையாலேயே பதித்தார். மூன்று நாள் அந்த வழியாகவே போனார், வந்தார். போக வேலை ஒன்றும் இல்லை.

ஆகஸ்டில் ஒன்றியத்திலிருந்து ஓவர்சியர் வந்தார். நாடா பிடித்து அளந்தார். கல்லைப் படித்தார். இன்னொரு தடவை படித்தார். பிறகு போனை எடுத்துக் கல்லோடு சேர்த்துப் படம் பிடித்தார்.

“நன்கொடையா குடுத்த வேலைக்குப் பஞ்சாயத்து எப்படி பில் போட முடியும்?” என்று கேட்டுவிட்டு வண்டியில் ஏறினார்.

அன்று பிடித்த வெப்ராளம் மனிதரை விடவில்லை. உட்கார்ந்தால் எழும்பச் சொல்லும், எழும்பினால் வண்டிச் சாவியைத் தேடச் சொல்லும். காலையில் ஒரு தடவை, சோறு தின்ற கையோடு ஒரு தடவை, பூட்டுகிற நேரத்தில் ஒரு தடவை ஊராட்சி அலுவலகத்தில் நிற்பார். செயலர் பிபின் கடைசியில் கும்பிட்டான்.

“மாமா, ஒங்களப் பாத்தா எனக்கு இப்ப பிரஷர் ஏறுது. நான் என்ன செய்ய? படத்துல கல்லு இருக்கு. கல்லுல உபயம் இருக்கு.”

“நாப்பது வருசமா கல்லோட கெடக்கேன். எனக்குக் கல்லப் பத்திச் சொல்லுதியாலே?”

“கல்லப் பத்திச் சொல்லல. எழுத்தப் பத்திச் சொல்லுதேன்.”

வண்டியை உதைத்தார், அது கிளம்பவில்லை, இன்னும் ஓங்கி உதைத்தார்.

வீட்டில் அதைவிட மோசம். குழு ஒரு தேங்காய் எண்ணெய் ஆட்டும் மிசின் வாங்க வங்கியில் கடன் கேட்டிருந்தது. ஒரே ஒரு உறுப்பினர் பாக்கி வைத்திருந்தாலும் வங்கி தராது. டிசம்பர் முடிவதற்குள் கணக்கு நேராக வேண்டும். பகவதிக்கு ஞாயிற்றுக்கிழமை தோறும் கூட்டத்துக்குப் போகிற நேரம் பார்த்துத் தலைவலி வந்தது. மூன்றாவது ஞாயிறு நேசம்மாளே வந்து முற்றத்தில் நின்றாள்.

“பகவதி எங்க?”

“தலவலின்னு படுத்திருக்கா.”

“தலவலி அவளுக்கு இல்ல நாயகண்ணே, எங்க பதினோரு பேருக்கு. ஒங்கள நம்பிக் குடுக்கல, அவள நம்பிக் குடுத்தோம். சுபிதாவுக்குப் பதவி ஜனவரியோட முடியுது. பெறவு வாற ஆபீசரு ஒங்க மீசையப் பாத்து பில் போடுவாரா?”

“நான் தருவேன் நேசம். தராம எங்க ஓடப் போறேன்?”

“ஓடாண்டாம். ரெண்டாந்தேதி கிராம சபையில எழும்பி நின்னு, அது உபயம் இல்லைன்னு சொல்லுங்க. சபை தீர்மானம் போட்டா சரியாவும்னு சுபிதா சொல்லுதா.”

“ஊரு முன்னால நான் பொய்யனாவணுமா?”

உள்ளே படுத்திருந்தவள் எழும்பி வாசலுக்கு வந்தாள். முப்பத்தெட்டு வருஷத்தில் பகவதி அவரை எதிர்த்து ஒரு சொல் சொன்னதில்லை.

“ஒங்க பேரு கல்லுல மினுங்குது. எனக்க பேரு கடன் புக்குல நாறுது. எதைத் தொடைக்கணும்னு நீங்களே பாத்துக்கிடுங்க.”

அக்டோபர் இரண்டாம் தேதி, நூலகத்து முற்றத்தில் கிராம சபை. நூறு பேருக்குமேல் இருந்தார்கள். குடிதண்ணீர், தெருவிளக்கு, நாய்த்தொல்லை எல்லாம் கழிந்து கலுங்கு வந்தது. முத்துநாயகம் எழும்பினார், உட்கார்ந்தார், மறுபடி எழும்பினார். வேட்டியை மடித்துக் கட்டினார், மடிப்பை அவிழ்த்துவிட்டார்.

“என்ன ஓய், எறும்பு கடிக்குதா?” என்றான் சாயாக்கடைச் சுதன்.

சிரிப்பு அடங்கட்டும் என்று அவர் காத்திருக்கவில்லை.

“கேட்டுக்கிடுங்க. அந்தக் கலுங்கு எனக்க உபயம் இல்ல. பஞ்சாயத்து வேலை. நேசம்மாளும் குழுப் பிள்ளையளும் மூணு சபையில நின்னு கேட்ட வேலை. பெண்டாட்டி பேருல கடன் வாங்கிச் செஞ்சேன். கல்லு வச்சது எனக்க கொழுப்பு. எங்கையாலயே எடுத்திருதேன்.” மூச்சு வாங்கினார். “ஆனா ஒண்ணு. வேலையில ஒரு கொறை சொல்லுங்க பாப்போம்!”

ஒருவரும் சொல்லவில்லை.

“அந்த நாலடிச் சுவரு?” என்று சுபிதா மெல்லக் கேட்டாள்.

“அது நான் குடுத்தது. அதுக்கு பில் வேண்டாம்.”

“அப்ப அந்த நாலடிக்கு மட்டும் ஒரு குட்டிக் கல்லு வச்சிரும் ஓய்!” என்றான் சுதன். இந்தத் தடவை முத்துநாயகமும் சிரித்துவிட்டார், ஆனால் உதட்டோடு சரி.

பெண்கள்தான் முதலில் கை தூக்கினார்கள். தீர்மானத்தில் நாலடியையும் எழுதிக்கொண்டார்கள், பொதுமக்கள் பங்களிப்பு என்று.

மறுநாள் உளியும் சுத்தியலுமாகப் போனார். அவர் பதித்த கல் அத்தனை லேசில் வருமா? அரைநாள் பிடித்தது. உடையாமல் வரவில்லை. குழியைக் கலவையால் மூடி, பூசி, மட்டம் பார்த்துவிட்டு நிமிர்ந்தபோது இடம் தெரியவில்லை. அதையும் பத்துப் பேரிடம் சொல்லிக் காட்டினார்.

ஓவர்சியர் மறுபடி வந்து புதுப் படம் எடுத்துப் போனார். அதன்பிறகு இரண்டு மாதம் போன் சிணுங்கினால் போதும், குளிக்கிற இடத்திலிருந்து ஈரத்தோடு ஓடி வந்தார். வந்ததெல்லாம் நகைக் கடை விளம்பரம். டிசம்பர் பன்னிரண்டாம் தேதி, பில் பணம் ஏறியதாக வங்கிச் செய்தி வந்தது. பேரனிடம் ஒருதரம், பிபினிடம் ஒருதரம் காட்டித் தொகையைச் சரிபார்த்தார். குழுக் கணக்குக்கு நேராக மாற்றிவிடலாம் என்று பிபின் சொன்னான்.

“போனுல போற பைசாவ எவன் பாத்தான்? கையில எண்ணிக் குடுப்பேன்.”

ஞாயிற்றுக்கிழமை கூட்டத்துக்குப் பகவதியோடு அவரும் போனார். அசல் அறுபத்துநாலாயிரம், ஆறு மாத வட்டி மூவாயிரத்து எண்ணூற்று நாற்பது. நோட்டுக் கட்டை எடுத்து நேசம்மாளிடம் நீட்டினார். அவள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

“எங்கிட்ட எதுக்குத் தாறிய? புக்குல யாரு பேரு இருக்கு? அவ குடுக்கணும், நாங்க வாங்கணும்.”

பதினோரு பெண்களும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முத்துநாயகம் திரும்பினார். பகவதி வலது கையை விரித்து நீட்டினாள். அவர் விரலை நாக்கில் தொட்டு ஈரப்படுத்திக்கொண்டார்.

“ஒண்ணு,” என்று உரக்கச் சொல்லி முதல் ஐந்நூறை அந்த உள்ளங்கையில் வைத்தார். “ரெண்டு. மூணு.” நூறைத் தாண்டியபோது குரல் கம்மியது. நிறுத்தவில்லை. நூற்று முப்பத்தைந்து ஐந்நூறு, மூன்று நூறு, கடைசியில் இரண்டு இருபது ரூபாய்த் தாள். அதையும் மடிப்பு நீவி, அவள் கையிலேயே வைத்தார்.