கனகலட்சுமியின் வீட்டு நோயாளி

உக்கிரபாண்டிக்கு உடம்பு என்று ஒன்று இருப்பதே, மகள் கனகலட்சுமி நர்சிங் சேர்ந்த பிறகுதான் தெரிந்தது. அதுவரை வலி வந்தால் அதையும் மூட்டையோடு சேர்த்துக் கப்பலூர் லாரியில் ஏற்றிவிடுகிற சுமைதூக்கி.

கல்லூரியில் சேர்க்கும்போது பக்கத்திலேயே ஆஸ்பத்திரி என்றார்கள். ஆஸ்பத்திரி படத்தில்தான் இருந்தது, அஸ்திவாரம்கூடத் தோண்டவில்லை. ஆகவே செய்முறை வகுப்பெல்லாம் செல்போனில். வீடியோவைப் பார்த்துவிட்டு வீட்டு ஆட்களை வைத்துப் பழகிக்கொள்ள வேண்டுமாம். வில்லாபுரத்து வீட்டில் ஞாயிற்றுக்கிழமை சும்மா படுத்திருப்பது உக்கிரபாண்டி ஒருவர்தான். ஒரு வாரம் தலையில் கட்டு, மறுவாரம் காலில் கட்டு. அப்படியே டீக்கடைக்குப் போனால், "என்ன மாப்ள, தங்கச்சி அடிச்சிருச்சா?" என்பான் கூட்டாளி மருது.

"பாடம்டா!" என்பார் இவர், பெருமையாக.

பரீட்சையும் செல்போனிலேயே வந்தது. பிரஷர் பார்க்க வேண்டும். போனைச் சோற்றுப்பானையில் சாய்த்து வைத்து, அப்பன் கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்தாள் கனகலட்சுமி. திரைக்குள் ஆனிமேரி மேடம்.

"எவ்வளவும்மா?"

"நூத்தித் தொண்ணூறு, நூத்திப் பத்து மேம்."

"வீடியோல நூத்தி இருபது, எண்பதுதானே காட்டுனோம்? எல்லாருக்கும் அதான் வந்திருக்கு. உனக்கு மட்டும் எப்படி? திரும்பப் பாரு."

திரும்பவும் அதேதான். உக்கிரபாண்டியின் கவலை பிரஷரைப் பற்றி அல்ல. இதில் தேறினால்தான் மகள் அடுத்த வருஷத்துக்குப் போக முடியும்.

"ஏத்தா, அந்தம்மா கேக்குறதச் சொல்லிட்டுப் போயேன்," என்று முணுமுணுத்தார்.

"பேசாம படுப்பா. தலை கிலை சுத்துதா?"

"ரெண்டு நாளா சுத்துது. வெயிலுக்குத்தான்."

அவ்வளவுதான். "மேம், நான் இவரக் கூட்டிட்டு ஆஸ்பத்திரிக்குப் போறேன்," என்றாள். மேடம் கத்தக் கத்தப் போனை அணைத்துவிட்டு ஆட்டோவைக் கூப்பிட்டாள்.

ஆஸ்பத்திரி நர்ஸ் பார்த்தபோதும் அதே கணக்குத்தான் வந்தது. மாத்திரை கொடுத்துப் படுக்கவைத்தார்கள். உக்கிரபாண்டி கட்டிலில் இருந்தபடியே மேடத்துக்குப் போன் போட்டார்.

"எம்மக சரியாத்தான் சொல்லிருக்கா தாயி. மார்க்கப் போட்டுவிடுங்க."

"பரீட்சை நடுவுல போன் கட் ஆனா ஆப்சென்ட்தாங்கய்யா. அடுத்த மாசம் திரும்ப வைப்பாங்க. அதுக்காவது நார்மலான பேஷண்ட்டா பார்த்து வைக்கச் சொல்லுங்க."

உக்கிரபாண்டிக்கு ரோஷம் வந்துவிட்டது. இத்தனை நாள் படுத்தவர் இவர், பரீட்சைக்கு மட்டும் வேறொருத்தனா? டாக்டர் வந்ததும், "அடுத்த மாசத்துக்குள்ள என்னய நூத்தி இருபதுக்குக் கொண்டாந்துருங்க சார்," என்றார்.

"அப்ப உப்பைக் குறைக்கணும். கருவாடு, ஊறுகாய் ஆகாது. பீடி கூடவே கூடாது."

"பரீட்சை முடியிற வரைக்கும்தானே சார்?"

டாக்டர் வாயைத் திறப்பதற்குள் கனகலட்சுமி முந்திக்கொண்டாள். "ஆமாப்பா. இன்னும் மூணு வருசம் பரீட்சை இருக்கு."