பச்சை காட்டிய பிறகு கழற்றிய பிளக்

2023 நவம்பர் 16, வியாழக்கிழமை, காலை 7.20. விடாத மழை. மலேசியாவின் செனாயில் நான் வேலை பார்த்த விமானப் பழுதுபார்ப்பு ஹேங்கரின் தகரக் கூரை அதிர்ந்துகொண்டிருந்தது. பத்து மணிக்கு அந்த விமானம் சோதனைப் பறப்புக்குக் கிளம்ப வேண்டும். இரண்டு விமானிகளோடு நானும் என் கூட்டாளி தேவனும் அதில் ஏற வேண்டும். மொத்தம் நான்கு பேர்.

முப்பத்தோராண்டு நான் பார்த்தவை கேபிள் விமானங்கள். விமானி கைப்பிடியைத் திருப்பினால் எஃகுக் கேபிள் இழுபடும், இறக்கை ஓரத்து மடல் அசையும். கேபிளைச் சோதிக்க ஒரு பருத்தித் துணி போதும். துணியால் பிடித்து நெடுக உருவினால், அறுந்த இழை ஒன்று இருந்தாலும் மாட்டிக்கொள்ளும். அப்படி ஒன்பது கேபிள்களைக் கண்டுபிடித்து மாற்ற வைத்திருக்கிறேன்.

இந்த விமானத்தில் கேபிள் கிடையாது. கைப்பிடியின் அசைவு வயர் வழியாகக் கணினிக்குப் போகும். கணினிதான் மடலை அசைக்கும். ஒன்றையொன்று சரிபார்க்க அப்படி இரண்டு கணினிகள். முந்தின நாள் கேப்டன் பக்கக் கைப்பிடியை மாற்றியிருந்தோம். காலையில் டெஸ்ட் ஓட்டினோம். திரையில் எல்லாம் பச்சை. தேவன் மழையில் நின்று, மடல் சரியான பக்கம் அசைகிறது என்று கையைக் காட்டிவிட்டான்.

ஆனாலும் நான் கைப்பிடிக்குக் கீழேயே குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

"என்னா அங்கிள், மூஞ்சி இப்படி இருக்கு?" என்றார் வின்சென்ட். எங்கள் பிரிவுத் தலைவர். என்னைவிட இருபத்திரண்டு வயது இளையவர்.

"பாஸ், கைப்பிடிக்குக் கீழ வயர் சேருற பிளக்க ஒருதரம் கழட்டிப் பார்த்துடலாமா?"

"பச்சை காட்டுதுல்ல? அப்புறம் எதுக்கு?"

"நான் எதையும் தொட்டுப் பார்க்கலையே, பாஸ்."

தேவன் சிரித்தான். "அண்ணே, உங்க துணிய வேணும்னா ஸ்கிரீன்ல தேச்சுப் பாருங்க லா. ஏதாச்சும் மாட்டுதான்னு."

வின்சென்ட் சிரிக்கவில்லை. "மேல போகப் போறது நீங்க. சரி, கழட்டுங்க. ஆனா மறுபடி முழு டெஸ்டும் ஓட்டணும்."

கழற்றினேன். உள்ளே இருந்த ஊசி போன்ற பின்கள் எல்லாம் நேராக இருந்தன. இரண்டு முறை எண்ணினேன். நிம்மதியோடு திரும்ப மாட்டினேன். அந்த இடுக்கில் கண் எட்டாது. தடவித்தான் மாட்ட வேண்டும்.

டெஸ்ட் பாதியில் நின்றது. திரையில் மஞ்சள் எழுத்து. கைப்பிடியிலிருந்து இரண்டு கணினிகளுக்கும் போகும் அளவுகள் ஒத்துவரவில்லை.

"அலமாக், போச்சு," என்றான் தேவன்.

வின்சென்ட் பிளக்கை வெளியே இழுத்து டார்ச் அடித்தார். ஒரு பின் மடிந்து கிடந்தது. சற்று முன் நேராக இருந்த அதே பின்தான். மடித்தது என் விரல்.

"கம்ப்யூட்டர் புடிச்சிருச்சுல்ல, பாஸ்?" என்றேன்.

"முழுசா மடிஞ்சதால புடிச்சிருச்சு. பாதி மடிஞ்சு லேசா ஒட்டிக்கிட்டு இருந்தா? இங்க பச்சைதான் காட்டும். மேல போயி ஆடும்போது விட்டுரும்."

"கோ-பைலட் பக்கம் இன்னொரு கைப்பிடி இருக்குல்ல அண்ணே," என்று தேவன் ஆறுதல் சொன்னான். நான் உட்கார்ந்துவிட்டேன்.

அன்று விமானம் பறக்கவில்லை. பிளக்கை மாற்றினார்கள், என்னைத் தொட விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை நான்கு பேரும் ஏறினோம். பெக்கான் நானாஸ் அன்னாசித் தோட்டங்களுக்கு மேலே விமானம் இடப்பக்கம் சாய்ந்தபோது, என் கை பையில் துணியைத் தேடியது. கணினியை நினைத்து எனக்குப் பயமில்லை. முப்பத்தோராண்டில் இந்த விரல்கள் மாட்டியவற்றை எல்லாம் நினைத்துத்தான் பயந்தேன். அவை எத்தனை என்று இறங்கும்வரை என்னால் எண்ணி முடிக்க முடியவில்லை.

கேபிளா, வயரா, எது பாதுகாப்பு என்று இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் கேட்கிறார்கள். இரண்டும்தான். ஆனால் கேபிளில் கை வைத்துப் பார்ப்பதுதான் சோதனை. வயரில் காரணமில்லாமல் கை வைத்தால் அதுவே பழுதுக்கு வழி. பயம் வந்தால் டெஸ்டை இன்னொரு முறை ஓட்டுங்கள். பிளக்கைக் கழற்றாதீர்கள்.

அந்த ஒரு பிளக்குக்காக என் அந்த வருடப் போனஸில் 1,850 ரிங்கிட்டைப் பிடித்துக்கொண்டார்கள்.