சம்பந்தி காருக்குப் பட்டுச் சீட் போட்ட விவகாரம்

1. கார் வந்து இறங்கியது

பேருந்துகளுக்குக் கூடு கட்டும் பணிமனையில், சீட் பிரிவில், ஃபோம் அறுப்பதும் ரெக்சின் தைப்பதுமாக என் உத்தியோக காலம் முழுவதையும் கழித்தவன் நான். ஓய்வு பெற்று ஆரணிக்குத் திரும்பியபோது, இனி எந்தச் சீட்டையும் தொடுவதில்லை என்று தீர்மானித்திருந்தேன். அந்தத் தீர்மானத்தைக் குலைத்தவர் என் சம்பந்தி ஏகாம்பரம். பட்டுத் தறிகள் வைத்துச் சேலை வியாபாரம் செய்பவர். என் மகள் சுமதியை அவருடைய மூத்த மகனுக்குக் கொடுத்திருக்கிறேன். இளைய மகன் தினேஷின் மாப்பிள்ளை அழைப்பு ஊர்வலத்துக்கென்று, இங்கிலாந்தில் செய்த பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கி, லாரியில் ஏற்றி வந்து தம் வீட்டு வாசலில் இறக்கினார்.

இரண்டே பேர் அமரலாம். மேற்கூரை இல்லை. எஞ்சின் ஓடியது. சீட்டுகள் இரண்டிலும் எலிகள் குடும்பம் நடத்தியிருந்தன. சென்னையில் விசாரித்ததில், கல்யாணத்துக்குப் பிறகுதான் வேலையை எடுக்க முடியும் என்று சொல்லிவிட்டார்களாம்.

"அவன் இன்னா சொல்றது? நாமளே போட்டுக்கலாம் சம்பந்தி. நீங்க இருக்கீங்க, நான் இருக்கிறேன், பட்டு இருக்குது."

"பட்டா?"

"பின்ன? ஆரணிக்காரன் வூட்டு மாப்பிள்ளை ரெக்சின் மேலயா உக்காருவான்?"

பட்டு வழுக்கும், இழுத்துத் தைத்தால் தையலோரம் கிழியும் என்று நான் விளக்கத் தொடங்குவதற்குள் சுமதி என்னைச் சமையலறைக்கு அழைத்துப் போனாள்.

"அப்பா, மாமா சொல்றதுக்குக் குறுக்க பேசாதீங்க. சீட்டு நல்லா வரலன்னா நீங்க உங்க வூட்டுக்குப் பூடுவீங்க. 'உங்கப்பன் போட்ட சீட்டு'ன்னு நான்தான் காலம் பூரா கேட்டுகினு இருக்கணும்."

ஆகவே அந்த வேலையை நான் ஒப்புக்கொண்டது காருக்காக அன்று, மகளுடைய நிம்மதிக்காக என்பதை வாசகர் மனத்தில் கொள்ள வேண்டும்.

2. சம்பந்தி பாவு இழுத்தார்

அந்தக் காரின் சீட், பஸ் சீட்டைப் போல் பலகை மேல் ஃபோம் வைத்ததன்று. இரும்புச் சட்டத்தின் அடியில் ஒரு ரப்பர் தாளைக் கொக்கிகளால் மாட்டி, அதன் மேல் ஃபோம் வைத்திருப்பார்கள். உட்கார்ந்தால் ரப்பர் சற்றே தொய்ந்து உடம்பை ஏந்திக்கொள்ளும். அந்தத் தொய்வுதான் சுகம். ரப்பரோ பொடிப்பொடியாக உதிர்ந்துவிட்டிருந்தது.

நான் ஃபோம் வாங்க வேலூர் சென்று திரும்புவதற்குள், சம்பந்தி தம் தறிக்காரர்கள் இருவரை அழைத்து, கட்டில் நாடாவைக் கொண்டு இரண்டு சட்டங்களையும் பின்னி முடித்துவிட்டார். தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு நூலை எப்படி விறைப்பாக இழுத்துக் கட்டுவார்களோ, அப்படி. விரலால் தட்டிக் காட்டினார். டங்கென்றது.

"பார்த்தீங்களா? மேளம் மாதிரி!"

"சம்பந்தி, தறியில தொய்யக் கூடாது. சீட்டுல தொய்யணும்."

"தொய்ஞ்சா சீட்டு இல்லீங்க, அது தூளி. நெசவுக்காரன் கையால தொளதொளன்னு ஒண்ணு கட்டினா ஊரு சிரிக்கும்."

"மொதலாளி சொல்றது கரெக்ட்டுங்க" என்றார் தறிக்காரர்களில் மூத்தவர். சம்பளம் வாங்குகிறவர் வேறென்ன சொல்வார்?

மகளை நினைத்து நாவை அடக்கிக்கொண்டேன். அதன் மேல் ஃபோமை வைத்து, "போளூர் வரைக்கும் ஓட்டிப் பார்த்துட்டு வரலாமே" என்று மட்டும் சொன்னேன். சம்பந்தியே ஓட்டினார். ஒவ்வொரு வேகத்தடையிலும் நாங்கள் இருவரும் ஆகாயத்தை எட்டிப் பார்த்துவிட்டு இறங்கினோம். வீடு திரும்பியதும் அவர் கதவைப் பிடித்துக்கொண்டு, இடுப்பை நிமிர்த்த முடியாமல் சிறிது நேரம் நின்றார்.

"ரோடு சரியில்ல" என்றார்.

மறுநாள் காலையில் போய்ப் பார்த்தால் சம்பந்தியே நாடாக்களை அறுத்துப் போட்டிருந்தார். "உங்க இஷ்டத்துக்குக் கட்டுங்க. ஆனா பட்டு பட்டுதான்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

3. பிரித்ததும் தைத்ததும்

லாரி டியூபைப் பட்டைகளாக அறுத்து, கொக்கி போட்டு, அளவான தொய்வுடன் சட்டத்தில் மாட்டினேன். ஃபோமை இடுப்புக்கும் தொடைக்கும் தக்கபடி செதுக்கினேன். பட்டுக்கு அடியில் காடாத்துணி கொடுத்து, வழுக்காதிருக்க நெடுக வரித் தையல் போட்டேன். இவற்றையெல்லாம் நிம்மதியாகச் செய்ய விட்டாரா? கரை முன்பக்கம் தெரியவில்லை என்றார். பிரித்தேன். ஜரிகை மடிப்புக்குள் போய்விட்டது என்றார். பிரித்தேன். அரக்கு நிறம் வேண்டாம், மாம்பழ நிறத்தில் வேறு பட்டு தருகிறேன் என்றார். அன்று மட்டும் நான் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குப் போய்விட்டேன். சுமதி தொலைபேசியில் கெஞ்சி வரவழைத்தாள்.

முடிந்தபின் உட்கார்ந்து பார்த்தேன். சீட் என்னை வாங்கிக்கொண்டது. என் பணிக்காலத்தில்கூட இவ்வளவு செம்மையான சீட் ஒன்றை நான் போட்டதில்லை. சம்பந்தியும் உட்கார்ந்து பார்த்து, "உம்" என்றார். அவரிடமிருந்து அது பெரிய பாராட்டு.

4. மாப்பிள்ளையைக் காணோம்

ஊர்வலம் பிள்ளையார் கோவிலிலிருந்து புறப்பட ஏற்பாடு. பேண்ட் செட் தயார். வந்தவாசியிலிருந்து வந்த பெண் வீட்டார் தட்டுகளுடன் நின்றிருந்தனர். தினேஷ் கோட்டும் தலைப்பாகையும் ஆளுயர மாலையுமாக வந்து, காரில் டிரைவருக்குப் பக்கத்துச் சீட்டில் அமர்ந்தான். நான் கணக்கிட்டபடியே சீட் தொய்ந்து அவனை ஏந்திக்கொண்டது.

கார் ஏற்கெனவே முழங்கால் உயரம். அதற்குள் அவன் அமிழ்ந்துவிட்டான். மாலை முகத்தை மூடியது.

"மாப்பிள்ளை எங்கப்பா?"

"காலி வண்டி வருது பாரு!"

"சார், ஃபிரேம்ல தலைப்பாகை மட்டும்தான் வருது" என்று போட்டோகிராபர் கத்தினார்.

சம்பந்தி என்னருகே வந்து, காதோரம் சொன்னார்: "நான் இழுத்துக் கட்டினது இருந்திருந்தா, புள்ள நிமிர்ந்து நாலு பேருக்குத் தெரிஞ்சிருப்பான்."

எரிச்சலாக இருந்தது. அவர் சொன்னது சரியாகவும் இருந்தது.

அதற்குள் தினேஷ் எழுந்தான். சீட்டுக்குப் பின்னால், காரின் பின்பக்க மூடியின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு, புத்தம்புது ஷூக்களை என் பட்டுச் சீட்டின் மேல் ஊன்றினான். கூட்டம் விசிலடித்தது. பேண்ட் முழங்கியது. கல்யாண மண்டபம் வரை, ஜரிகைக் கரை மேல் ஷூவின் குதி புரளுவதைப் பார்த்தபடியே பின்னால் நடந்தேன்.

பெண்ணின் தாய்மாமன் என் தோளைத் தட்டினார். "சீட்டு நீங்க போட்டதாமே? நல்லா மெத்துன்னு இருக்குதுங்க, காலு வெச்சிக்க."

மறுநாள் சுமதியிடம் கேட்டேன், மாமா என்ன சொன்னார் என்று.

"செம குஷிப்பா. ஊரே மாப்பிள்ளைய பார்த்துச்சாம், அதையே சொல்லிகினு இருக்காரு."

"சீட்டைப் பத்தி?"

"ஒண்ணும் சொல்லல. வுடுங்கப்பா."

விட்டேன். எனக்கு வேண்டியிருந்தது அதுதான்.

இத்தொழிலுக்கு வரும் இளைஞர்களுக்கு ஒன்று சொல்வேன். அளவெடுக்க டேப்பைத் தொடுவதற்கு முன், அமரப்போகிறவர் எதற்காக அமர்கிறார் என்று கேளுங்கள். இழுத்துக் கட்டுவதா, தொய்யக் கட்டுவதா என்று அத்தனை நாள் சண்டையிட்ட நாங்கள் இருவரும், அந்தப் பிள்ளையை அழைத்து ஒரு முறை காரில் உட்கார வைத்துப் பார்க்கவில்லை.