அம்மாவின் பயத்துக்கு இரண்டு வாரிசுகள்

எங்கள் அம்மாவின் வருஷத் திதிக்கு வந்து, சாப்பிட்டு, இந்த நினைவு மலரையும் கையில் வாங்கிக்கொண்ட உறவினர்களுக்கும் தெருக்காரர்களுக்கும் மகள் எழுதுவது. அம்மாவைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதச் சொன்னார்கள். நல்லதும் எழுதுகிறேன். ஆனால் படிக்கப்போவது அம்மாவை அறிந்தவர்கள், பூசி மெழுகினால் சிரிப்பீர்கள்.

அம்மா பெரணமல்லூரில் பிறந்தார். கூடப் பிறந்தவர் ஒரே அண்ணன். அவர் நீச்சல் பழகப் போய்க் கிணற்றோடு போனார். கயிறு கட்டி அவரைத் தூக்கியதை அம்மா நின்று பார்த்தவர். அதற்குப் பிறகு அம்மாவிடம் எதைக் கேட்டாலும் ‘வேணாம்’தான். தண்ணீரில் இறங்காமல் நீச்சல் வருமா என்று யாராவது சொன்னால், “எறங்கினவன் எங்க ஏறினான்?” என்பார். அதற்குமேல் பேச்சு ஓடாது.

ஆரணிக்கு வாழ்க்கைப்பட்டு வந்தார். நாங்கள் பள்ளியில் படிக்கும்போதே அப்பா மஞ்சள் காமாலையில் காலமானார். அம்மா அப்பாவின் தறியில் உட்கார்ந்தார். முதலாளி புது டிசைன் கொடுத்து, கூலியும் கூட்டித் தருவதாக எத்தனையோ முறை கூப்பிட்டார். “எனக்குத் தெரிஞ்ச கட்டமே போதுங்க” என்று கட்டம் போட்ட சேலையையே கடைசிவரை நெய்தார். ஒருநாளும் எங்களைப் பட்டினி போட்டதில்லை. அக்கம்பக்கத்தில் பிரசவம், சாவு என்றால் முதல் ஆளாக நிற்பார். வந்துவிட்ட கஷ்டத்துக்கு அம்மா அஞ்சியதே இல்லை. வராத கஷ்டத்துக்குத்தான் அத்தனை பயம்.

நாங்கள் வெளியே கிளம்பினால் வாசலில் நின்று “பாத்து” என்பார். ரோட்டில் பாத்து, பஸ்ஸில் பாத்து, மீனில் முள் பாத்து. நான் அப்படியே அம்மா. கண்ணமங்கலத்தில் எனக்கு வேலை கிடைத்தது, தினம் பஸ்ஸில் போய்வர வேண்டுமே என்று விட்டுவிட்டேன். அதில் எனக்கு வருத்தமும் இல்லை. பயத்தில் அப்படி ஒரு சௌகரியம் உண்டு.

தம்பி நேர் எதிர். ஒளிந்து ஒளிந்து கிணற்றில் நீச்சல் பழகி, தலை காயும்வரை தெருமுனையில் நிற்பான். அம்மா தலையை முகர்ந்து கண்டுபிடித்து, அவனை அடித்துவிட்டுத் தான் அழுவார். பெரியவனான பிறகும் அதே கதைதான். தறியில் ஏற்றும் பாவு நூலைத் தெருவில் நீட்டிக் கஞ்சி போடுகிற காலையில் அம்மா வானத்தைப் பார்ப்பார்.

“மேகம் கட்டிக்கினு நிக்குதுடா. நனைஞ்சா நூல் அத்தனையும் போச்சு.”

“பாத்துக்கலாம்மா.”

அவன் வாயில் எப்போதும் அந்த ஒரு சொல்தான். காதல் கல்யாணம், சொந்த வியாபாரம், வண்டியில் பறப்பது, எல்லாமே பாத்துக்கலாம். பொத்திப் பொத்தி வளர்த்தால் இப்படித்தான் திமிறும் என்பார் பெரியப்பா. வீட்டுப் பயத்தையெல்லாம் நானும் அம்மாவுமே பட்டுத் தீர்த்துவிட்டோம், அவனுக்கு மிச்சம் இல்லை என்று நான் நினைத்திருந்தேன்.

போன வருஷம் அம்மாவுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. வேலூரில் காட்டினோம். இதயத்தில் வால்வு பழுது. ஆபரேஷன் செய்தால் நன்றாக இருக்கலாம், மேஜையிலேயே உயிர் போகவும் கூடும். செய்யாவிட்டால் மாத்திரையில் கொஞ்ச நாள் தள்ளலாம் என்றார் டாக்டர். அம்மா என்னைக் கேட்கவே இல்லை.

“நீ இன்னா சொல்லுவேன்னு எனக்குத் தெரியாதா? அவன் வரட்டும். அவன் சரின்னா பண்ணிக்கிறேன்.”

“உனக்கு பயமா இல்லையாம்மா?”

“இருக்குது. இப்படி மூச்சுக்கு ஏங்கிக்கினு கெடக்கறதுக்கு, ஒரு தபா அவன மாதிரி இருந்து பாக்கறேனே.”

என் காதையே என்னால் நம்ப முடியவில்லை. தம்பி வந்தான். டாக்டர் எல்லாவற்றையும் விளக்கினார். அவன் அம்மாவைப் பார்த்தான், தரையைப் பார்த்தான். “பாத்துக்கலாம் சார்” என்றான்.

செய்துவிடலாம் என்கிறான் என்று எடுத்துக்கொண்டோம். எத்தனை வருஷமாகக் கேட்ட சொல்! ஆபரேஷனுக்கு இரட்டைப் பின்னல் போடுவார்களாமே, நீயே போட்டுவிடு என்று அம்மா தலையைக் கொடுத்தார். நான் பின்னி முடிப்பதற்குள் நர்ஸ் வந்து, மாத்திரை எழுதியாகிவிட்டது, வீட்டுக்குப் போகலாம் என்றார். தம்பி சொன்னது, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று. டாக்டர் சரியாகத்தான் புரிந்துகொண்டார். பெற்றவரும் உடன்பிறந்தவளும்தான் தப்பாகப் புரிந்துகொண்டோம்.

“ஏன்டா?” என்றேன்.

“என்னால முடியாதுக்கா. மேஜையிலயே போயிட்டா, நான்தானே கையெழுத்துப் போட்டேன்னு ஆயிடும்.”

அம்மா கட்டிலில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தார். “உனக்குமாடா?” என்றார். பிறகு என்னிடம், “பின்னலை அவுத்துடு” என்றார். அவனுக்குக் கொஞ்சமாவது பயம் வரவேண்டும் என்று வாழ்நாளெல்லாம் அம்மனுக்கு விளக்கேற்றியவர் அவர். வந்தது, வரக்கூடாத நாளில் வந்தது. தம்பியைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. படித்துப் பார்த்துவிட்டு, இருக்கட்டும் என்று அவனேதான் சொன்னான்.

வீட்டுக்கு வந்து அம்மா ஒரு மழைக்காலம் இருந்தார். உட்கார்ந்தபடியே தூங்கினார். ஒரு காலையில் நான் பால் காய்ச்சிக்கொண்டு வருவதற்குள் மூச்சு அடங்கிவிட்டது.

கூப்பிட்ட போதெல்லாம் ஆட்டோவை எடுத்துக்கொண்டு வந்த எதிர்வீட்டு அண்ணனுக்கும், தோள் கொடுத்தவர்களுக்கும், எங்கள் அடுப்பு எரியாத நாட்களில் சமைத்துக் கொண்டுவந்த தெருப் பெண்களுக்கும் எங்கள் குடும்பம் நன்றி சொல்கிறது. ஆறுதல் சொன்ன அனைவருக்கும் நன்றி. இன்னும் ஆறவில்லை, அது உங்கள் குற்றம் இல்லை.

தம்பி இப்போது வண்டியைத் தொடுவதில்லை. வெயில் அடிக்கிற நாளிலும் பாவு நீட்ட யோசிக்கிறான். அவன் மகளுக்குச் சென்னையில் நல்ல கல்லூரியில் இடம் கிடைத்தது, ஹாஸ்டலில் தங்கிப் படிக்க வேண்டும். இவன் விடமாட்டான் என்று எனக்குப் பட்டது. இந்த ஒரு விஷயத்திலாவது வாயைத் திறப்போம் என்று மனதைத் திடப்படுத்திக்கொண்டு போனேன்.

“நீ கெளம்பு கண்ணு. உங்கப்பாகிட்ட அத்தை பேசறேன்.”

“அப்பா ஒண்ணும் சொல்லல அத்தை. நான்தான் வேணாம்னுட்டேன். பயமா இருக்குது.”

அம்மா இருந்திருந்தால், பேத்தியைக் கட்டிக்கொண்டு நிம்மதியாகத் தூங்கியிருப்பார்.