மூன்றாவது தடை

களத்தில் அவளுக்குக் கத்தரி என்று பெயர். தன் குறிப்பை வெட்டிவிட்டாள் என்று கோபித்துக்கொண்ட யாரோ வைத்தது. பெயர் பிடித்துப்போய் அவளே அதை வைத்துக்கொண்டாள். பகலில் மின்சாதன உதிரிபாகக் கடையில் வேலை. வாஷிங் மெஷின் பெல்ட்டில் ஒரு துண்டைக் காட்டினால் போதும், எந்தக் கம்பெனி, எந்த வருடத்து மாடல் என்று சொல்லிக்கொண்டே சரியான அலமாரிக்குப் போய்விடுவாள். ஐம்பத்து மூன்று வயதில் முழங்கால் கொஞ்சம் முனகுகிறது. மற்றபடி ஆள் கல்லுக்குண்டு.

களம் என்பது பழுது பார்ப்பவர்கள் இணையத்தில் கூடுகிற இடம். பன்னிரண்டாயிரம் பேர். யாராவது ஒரு மெஷினைச் சரிசெய்தால், செய்த விதத்தை ஒரு குறிப்பாக எழுதிப் போடுவார். குறிப்பு உடனே வெளியாகாது. சரிபார்ப்பவர்கள் இரண்டு பேர் படித்துப் பச்சைப் பொத்தானை அழுத்த வேண்டும். நூறு குறிப்பு வெளியானவருக்குப் பெயருக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரம் கிடைக்கும். நட்சத்திரம் உள்ளவரை வாடிக்கையாளர்கள் தேடி வருவார்கள். வினை அங்கேதான் ஆரம்பித்தது. கை அழுக்காகாமல் நூறு குறிப்பு எழுத என்ன வழி? அடுத்தவன் எழுதியதை எடுத்து, மாடல் பெயரை மட்டும் மாற்றிப் போடுவது. ஈயடிச்சான் காப்பி அடிக்கிறவனுக்கு ஈ செத்ததா உயிரோடு இருக்கிறதா என்பது பற்றிக் கவலையில்லை.

அப்படி ஒரு குறிப்பை நம்பி ஒருவர் மெஷினைத் திறந்து, இரண்டு விரலைச் சுட்டுக்கொண்டார். அதைச் சரிபார்த்த இரண்டு பேரும் படிக்காமலே பச்சை அழுத்தியிருந்தார்கள் என்று பிறகு தெரிந்தது. களத்துக்கு நடுவர்கள் மூன்று பேர். கத்தரி அதில் ஒருத்தி. அவள் உட்கார்ந்து ஒரு சட்டம் எழுதினாள். திருடியவனுக்குத் தண்டனை ஏற்கெனவே இருந்தது. திருட்டைப் பச்சை அழுத்தி உள்ளே விட்டவருக்கும் இனி உண்டு. முதல் தடவை பதினைந்து நாள் தடை, இரண்டாம் தடவை மூன்று மாதம், மூன்றாம் தடவை சரிபார்க்கும் உரிமை நிரந்தரமாகப் போய்விடும்.

களம் கொதித்தது. "திருடனை விட்டுட்டுக் காவல்காரனை அடிக்கிற ஊரு இது ஒண்ணுதான்" என்று ஒருவர் எழுதினார். "காவல்காரன் தூங்கிட்டா அவனும் ஒரு கதவுதான், அதுவும் திறந்த கதவு" என்று இவள் பதில் எழுதினாள். எழுதிவிட்டு இரண்டு மூன்று தடவை அதைப் படித்துப் பார்த்து ரசித்தாள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

அந்தச் சட்டத்தில் முதலில் மாட்டியவர்களில் ஒருவர் அவளுடைய சொந்த அண்ணன்.

அண்ணன் முப்பத்தேழு வருடம் பட்டறை வைத்திருந்தவர். கால் நரம்பு வீங்கி நிற்க முடியாமல் போனதும் பட்டறையை விட்டார். அதன் பிறகு களம்தான் அவருக்கு உத்தியோகம். காலையில் குளித்து, தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு, ஒன்பது மணிக்குக் கணினி முன்னால் உட்காருவார். ஒரு நாளைக்கு நாற்பது குறிப்பு. பன்னிரண்டரைக்குச் சாப்பாடு. மறுபடி இரண்டிலிருந்து ஐந்து வரை. யாராவது நடுவில் பேச்சுக் கொடுத்தால் "டூட்டியில இருக்கேன்" என்பார். அண்ணி அதைக் கேட்டுச் சிரிக்காமல் இருக்கப் பழகிக்கொண்டாள்.

முதல் தடையைத் தங்கை போட்டபோது அண்ணன் சிரித்தார். "பாப்பாவுக்குக் கொம்பு முளைச்சிருச்சு" என்று பதினைந்து நாளையும் பேப்பர் படித்தே கழித்தார். இரண்டாவது தடவை மூன்று மாதம். அப்போது சிரிக்கவில்லை. ஒரு மாதம் அவளோடு பேசவும் இல்லை. அண்ணன் சோம்பலில் கண்ணை மூடிக்கொண்டு அழுத்துகிறார் என்றே அவள் நினைத்தாள். களத்தில் அவள் பெயர் உயர்ந்தது. மாமியார் உடைத்தால் மண்குடம் என்கிற கதையே இங்கே கிடையாது, சொந்த அண்ணனுக்கே தடை போட்டவள் என்று பேசிக்கொண்டார்கள். அவளுக்கும் அது இனிக்கத்தான் செய்தது. தடை முடிந்து அண்ணன் மறுபடி தேய்த்த சட்டையோடு உட்கார்ந்த இரண்டாவது மாதத்தில் மூன்றாவது புகார் வந்தது.

அது ஒரு வாஷிங் மெஷின் குறிப்பு. புகார் கொடுத்தவர் மூலத்தையும் தேடிக் கொடுத்திருந்தார். களத்தின் பழைய கிடங்கில், பன்னிரண்டு வருடத்துக்கு முந்தைய குறிப்பு. எழுதியவர் பெயர் அழிந்துபோய் 'முன்னாள் உறுப்பினர்' என்று மட்டும் இருந்தது. அவள் கடையில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் அதைத் திறந்தாள். டிரம் பேரிங் தேய்ந்திருக்கிறதா என்று கண்டுபிடிக்கிற வழி. பிளக்கைப் பிடுங்கு, பெல்ட்டைக் கழற்று, ஸ்குருடிரைவர் நுனியைப் பேரிங் மேல் வை, கைப்பிடியைப் பல்லில் கடித்துக்கொண்டு டிரம்மைக் கையால் சுற்று; தேய்மானம் இருந்தால் மண்டைக்குள்ளேயே கேட்கும்.

அவள் சாப்பாட்டை மூடி வைத்தாள். ஸ்குருடிரைவரைப் பல்லில் கடிக்கிற மெக்கானிக் அவளுக்குத் தெரிந்து ஒருவர்தான். வலது காது மந்தம் என்பதால் அண்ணனே கண்டுபிடித்த வழி அது. போதாததற்கு, பின்மூடியில் ஏழு திருகு என்றிருந்தது. அந்த மாடலில் எட்டு. களத்தில் அண்ணன் முதலில் வைத்திருந்து கைவிட்ட பழைய கணக்கு அது. அவருக்கு அப்போது தட்டச்சு வராது. அவர் சொல்லச் சொல்ல அடித்துக் கொடுத்தவள் இவள்தான். எட்டை ஏழாக்கியதும் இவள்தான். திருடியவன் அவளுடைய பிழையையும் விடாமல் எடுத்துப் போயிருந்தான்.

அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஏனென்றால் அவள் சட்டத்திலேயே ஒரு வரி இருந்தது: எழுத்துக்குச் சொந்தக்காரர் தெரிந்தே சம்மதித்தால் அது திருட்டு ஆகாது. அண்ணன் தன் எழுத்தைத் தானே பார்த்து, போனால் போகட்டும் என்று விட்டிருப்பார். அவர் குணம் அப்படி. மற்றொரு நடுவரான வாத்தியாருக்கு உடனே போன் போட்டாள். தொழிற்பயிற்சிக் கூடத்தில் பாடம் நடத்துகிறவர், அவளைவிடப் பத்து வயது சின்னவர்.

"அப்புறம் என்னக்கா, கேஸே இல்லையே" என்றார் வாத்தியார். "தெரிஞ்சுதான் விட்டேன்னு அண்ணனை ஒரு வரி எழுதித் தரச் சொல்லுங்க. ஃபைலை மூடிடலாம்."

ஞாயிற்றுக்கிழமை காலை அண்ணன் வீட்டுக்குப் போனாள். அண்ணன் அந்தக் குறிப்பைத் திரையில் பார்த்ததும் முகம் மலர்ந்தார்.

"இதுக்கா புகார்? அருமையா எழுதியிருக்கான் பாப்பா. இந்தப் பய பெரிய ஆளா வருவான் பாரு."

"அண்ணே, நல்லாப் படிச்சுப் பாருங்க. பல்லுல கடிச்சுக் கேக்குறதுன்னு போட்டிருக்கே. யாரோ செஞ்சு பாத்த மாதிரி இல்ல?"

அண்ணன் மறுபடி படித்தார். உதடு அசைய, ஒவ்வொரு வார்த்தையாக. பிறகு மேஜையிலிருந்த பேனாவை எடுத்துப் பல்லில் கடித்துப் பார்த்தார்.

"நல்ல யோசனை" என்றார். "இத்தனை வருஷம் நமக்குத் தோணலையே. இந்தக் காதை வெச்சுக்கிட்டு நான் பட்ட பாட்டுக்கு இது எவ்வளவோ உதவியிருக்கும்."

வாசல் பக்கம் துண்டு உதறிக்கொண்டிருந்த அண்ணி உதறுவதை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தாள்.

சமையலறையில் அண்ணி குரலைத் தாழ்த்திப் பேசினாள். "ஒரு வருஷமா இப்படித்தான். அடுப்பைப் பத்த வெச்சுட்டுப் போயிடுறார். போன வாரம் பால்காரனுக்கு ரெண்டு தடவை வணக்கம் சொல்லி ரெண்டு தடவை பேர் கேட்டார். பத்து வருஷமா வர்ற ஆளு."

"என்கிட்ட ஏன் அண்ணி சொல்லல?"

"சொன்னா நீ அந்த உரிமையை எடுத்துடுவே." அண்ணி மறைக்கவில்லை. "அது ஒண்ணுதான் அவரை எழுப்பி உக்கார வெக்குது. சட்டை தேய்ச்சுக் குடுன்னு கேக்குறார் பாரு, அதுவரைக்கும் நல்லா இருக்காருன்னு அர்த்தம். அவர்கிட்ட நீ என்ன எழுதிக் கேட்டாலும் கையெழுத்துப் போடுவார். போட வெச்சுக்கோ. உனக்குப் புண்ணியமாப் போகும்."

போட வைத்திருக்கலாம். ஒரு வரிதான். அவள் அதை எழுதிக்கூட வைத்துக்கொண்டாள். அண்ணனுக்கு அனுப்பும் முன்பு, எதற்கும் பார்த்துவிடலாம் என்று, அவர் கடந்த ஒரு வாரத்தில் பச்சை அழுத்திய குறிப்புகளை எடுத்துப் படிக்க ஆரம்பித்தாள். இரண்டு நாள் ஆயிற்று. பெரும்பாலானவை சரியாகத்தான் இருந்தன, எழுதியவர்கள் சரியானவர்கள் என்பதால். ஒன்று மட்டும் மைக்ரோவேவ் அடுப்பைப் பற்றியது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதற்குள்ளே இருக்கிற கபாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும், ஆளைக் கொல்லும். முதலில் அதை வெளியேற்ற வேண்டும். அந்தப் படி குறிப்பில் இல்லவே இல்லை. கீழே அண்ணன் 'நன்று' என்று எழுதியிருந்தார். பட்டறையில் மைக்ரோவேவ் மூடியை வேறு யாரையும் தொடவிடாத மனிதர்.

இருநூற்றுப் பத்து பேர் அதைப் படித்திருந்தார்கள். அவள் அந்தக் குறிப்பைக் களத்திலிருந்து நீக்கினாள். படித்த அத்தனை பேருக்கும் எச்சரிக்கை அனுப்பினாள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்று தெரிய மேலும் ஒரு நாள் பிடித்தது. எழுதி வைத்திருந்த அந்த ஒரு வரியை அழித்தாள்.

"நான் போடுறேங்க்கா தடையை. நீங்க ஒதுங்கிக்கோங்க" என்றார் வாத்தியார்.

"சட்டம் எழுதினது நான். இந்த வாரம் முறையும் என்னோடது."

தடை போடுவதற்கு முன்னால் அண்ணனிடம் நேரில் போய்ச் சொன்னாள். மைக்ரோவேவைப் பற்றிச் சொன்னாள். வாஷிங் மெஷின் குறிப்பை எழுதியவர் யார் என்பதை மட்டும் சொல்லவில்லை. அவர் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். "உயிர் விஷயம். நீ செய்யறதுதான் சரி பாப்பா. போடு" என்றார். அவருக்கு எல்லாம் விளங்கியது என்று அவள் நினைத்தாள். விளங்கித்தான் இருந்தது. அப்போதைக்கு.

நான்காம் நாள் முறையீடு வந்தது. தடை பெற்றவர் ஒரு முறை முறையிடலாம். இந்தக் கடிதங்கள் 'நடுவர் குழு' என்ற பொதுப்பெயருக்கு வரும், பதிலும் அதே பெயரில்தான் போகும். கடையில் ஒருவர் பெல்ட்டுக்காக நின்றுகொண்டிருந்தார். அவள் போனில் படித்தாள்.

'நடுவர் ஐயாவுக்கு வணக்கம். இன்று காலை வேலைக்கு உட்கார்ந்தால் என் பக்கம் மூடியிருக்கிறது. என்ன தவறு செய்தேன் என்று தெரியவில்லை. யாரும் எனக்குச் சொல்லவும் இல்லை. தவறு இருந்தால் திருத்திக்கொள்கிறேன். என்னைப் பற்றி விசாரிக்க வேண்டுமானால் என் தங்கையைக் கேளுங்கள். உதிரிபாகக் கடையில் இருக்கிறாள். எனக்காகக்கூடப் பொய் சொல்லமாட்டாள். அதனால் அவள் சொல்வதை நீங்கள் நம்பலாம்.'

நின்றவருக்கு அவள் ஒரு பெல்ட்டை எடுத்துக் கொடுத்தாள். "இது இல்லைங்களே" என்று அவர் திருப்பிக் கொடுத்தார். அவள் மன்னிப்புக் கேட்டு, சரியானதைக் கொடுத்து அனுப்பிவிட்டு, பின்னால் அட்டைப்பெட்டிகள் அடுக்கியிருக்கும் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். முதல் தடையில் கேட்டிருக்கலாம். இரண்டாவதில் கேட்டிருக்கலாம். ஏண்ணே இப்படிச் செய்றீங்க, உடம்புக்கு என்ன என்று ஒரு வார்த்தை கேட்காமல், நேர்மையானவள் என்று பெயர் வாங்கிக்கொண்டிருந்தாள்.

பதிலை வாத்தியார் எழுதுவதாகச் சொன்னார். அவள் கொடுக்கவில்லை. வெகுநேரம் யோசித்து நாலு வரி அடித்தாள். 'உங்கள் கடிதம் கிடைத்தது. நீங்கள் சொன்னபடி உங்கள் தங்கையை விசாரித்தோம். உங்களைவிட நல்ல மெக்கானிக்கைத் தான் பார்த்ததில்லை என்று அவர் சொன்னார். ஆனாலும் முடிவில் மாற்றம் இல்லை.'

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு அண்ணனிடமிருந்து போன் வந்தது.

"பாப்பா, எனக்காக நடுவர்கிட்ட பேசினியாமே."

"ஆமாண்ணே."

"கேக்கலைன்னா நீ என்ன பண்ணுவ, விடு. அந்த ஆளுகிட்ட வருத்தப்பட்டுப் பேசிடாத. அவருக்கும் ஒரு சட்டம் இருக்கும்ல."

"இருக்குண்ணே" என்றாள் அவள்.