வேங்கைமாறன் விழுந்த இடம்

காரவள்ளி தனபாலுக்கு ஒரு வேன் இருந்தது, நாலு ஏக்கர் குச்சிக்கிழங்குக் காடு இருந்தது, முப்பத்தாறு வயதும் இருந்தது. ராஜா காலத்து வேஷம் கட்டிக்கொண்டு கத்திச் சண்டை போடும் ஆசை மட்டும் இல்லாமல் இருந்தது. அதை அவனுக்குத் தொற்றவைத்தவர்கள் பெங்களூரிலிருந்து வந்த கம்ப்யூட்டர்க்காரர்கள். தொற்றவைத்துவிட்டு அவர்கள் பாட்டுக்குப் போய்விட்டார்கள்.

2004 ஆடியில்தான் ஆரம்பம். பாலசுப்பிரமணியம் என்பவனுக்கு ராசிபுரம் பக்கம் சொந்த ஊர், பெங்களூரில் வேலை. கம்பெனி அவனை அமெரிக்காவுக்கு அனுப்பியிருந்தபோது, அங்கே கல்யாணமாகிப் பிள்ளை பெற்றவர்கள்கூட சனி ஞாயிறில் காட்டுக்குள் போய், வீரனாகவும் சூனியக்காரியாகவும் வேஷம் போட்டு, ஆளுக்கொரு பெயர் வைத்துக்கொண்டு, இரண்டு நாள் அந்த ஆளாகவே இருந்து விளையாடுவதைப் பார்த்துவிட்டு வந்திருந்தான். பார்த்ததோடு விட்டானா? முப்பது பேரைச் சேர்த்துக்கொண்டு, காரவள்ளிக்கு மேலே மலையில் இருக்கும் பைல் நாட்டில் ஒரு காபித் தோட்டத்தைப் பிடித்துவிட்டான். எழுபது கொண்டை ஊசி வளைவும் ஏறி ஆட்களையும் சாமான்களையும் கொண்டுபோய்ச் சேர்ப்பது தனபாலின் வேலை.

அன்று அரக்கர் படையில் ஒருவனுக்கு மலை ஏறியது ஒத்துக்கொள்ளவில்லை, ஓயாமல் வாந்தி. ஓர் ஆள் குறைந்தது. வேனில் சாய்ந்து நின்ற தனபாலிடம் பாலசுப்பிரமணியம் வந்தான்.

"அண்ணா, சும்மா வந்து நின்னா போதும். மூணு அடி பட்டா செத்தாச்சு, படுத்துக்கணும். அப்புறம் வைத்தியச்சி வந்து எழுப்பிவிட்டுருவாங்க."

"படுக்கறதுதானுங்களே? அது நமக்குப் பழக்கந்தானுங்க," என்றான் தனபால்.

வாய்ச்சவடால் இல்லை அது. அவன் ஊர்க் கோயில் நோன்பில் படுகளம் உண்டு. போரில் மாண்டவர்களாக ஆண்கள் களத்தில் சாய்வார்கள், வெள்ளைத் துணி போர்த்துவார்கள். ஒரு பெண் தீர்த்தம் தெளித்து எழுப்பும்வரை விரலைக்கூட அசைக்கக் கூடாது. அசைந்தால் சாமி குற்றம். பதினெட்டு வயதிலிருந்து தனபால் விழுகிறவன். ஒரு தடவை காதுக்குள் எறும்பு போயும் அசையாமல் கிடந்தவன் என்று ஊரில் பெயர்.

அந்தக் காபித் தோட்டத்தில் அவன் விழுந்ததைப் பார்த்து நாலு பேர் பயந்தே போனார்கள். மோனிஷா என்கிற பெண்தான் வைத்தியச்சி. பாட்டில் தண்ணீரை முகத்தில் தெளித்து, "எழுந்திரு வீரனே," என்றாள். தனபாலுக்கு மயிர்க்கூச்செறிந்தது. அட, அமெரிக்காவிலும் படுகளம் இருக்கும்போல என்று நினைத்துக்கொண்டான்.

அதோடு கிறுக்குப் பிடித்தது.

அங்கே ஒரு மரத்தில் லிஸ்ட் ஒட்டியிருந்தார்கள். ஆடுகிறவர்களின் சொந்தப் பெயரும் அவரவர் வைத்துக்கொண்ட வீரப் பெயரும் அதில் வரிசையாக இருந்தன. தனபாலுடைய பெயர் இல்லை. எப்படி இருக்கும்? கிளம்பும்போது தலையைச் சொறிந்துகொண்டு கேட்டான்: "அடுத்த வருசம் அதுல நம்ம பேரையும் போடுவீங்களா சார்?"

"அடுத்த வருசம் நல்லா ஆடிக் காட்டுங்கண்ணா. அதுக்கடுத்த லிஸ்ட்ல ஏத்திரலாம்," என்றான் பாலசுப்பிரமணியம். வாய் வார்த்தைதான். தனபால் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான்.

வேங்கைமாறன் என்று பெயர் வைத்துக்கொண்டான். சொட்டுநீர்ப் பைப்பில் மெத்தைப் பஞ்சைச் சுற்றி வாள் செய்தான். பழைய லாரி டியூபைச் செதில் செதிலாக வெட்டி, கோணி ஊசியால் சாக்கில் வைத்துத் தைத்துக் கவசம் செய்தான். மூன்று மாதம் ஆனது. பெண்டாட்டி நாகலட்சுமி பார்த்துப் பார்த்துச் சலித்துப்போனாள்.

"ஏனுங்க, கிழங்கு புடுங்க ஆள் கூப்பிடாம டியூபு தச்சுக்கிட்டு உக்காந்திருக்கறீங்களே. ஊர்ல சிரிக்கறாங்க."

"சிரிக்கட்டும். லிஸ்ட்ல பேரு ஏறட்டும், அப்புறம் பேசு."

கடைசியில் அவளே கவசத்துக்கு வார் தைத்துக் கொடுத்தாள்.

மறு ஆடி. வேனிலிருந்து கவசத்தோடு தனபால் இறங்கியதும் எல்லோரும் கைதட்டினார்கள். அவர்களுடைய வாடகை ஜிகினா உடைகளுக்கு முன்னால் அவன் ஒருவன்தான் உண்மையான வீரன் மாதிரி இருந்தான். விதிமுறை என்று எட்டுத் தாள் கொடுத்தார்கள், முழுக்க இங்கிலீஷ். நமக்குத்தான் தெரியுமே என்று மடித்து வேனில் சொருகிவிட்டு, கோட்டை வாசல் காவலுக்குப் போனான்.

ஒண்டியாளாக ஆறு பேரைத் தடுத்தான். மூன்றாவது அடி தோளில் உரசியும் உரசாமலும் போனது. படித்தவர்கள் எல்லாம் முதுகில் நன்றாக வாங்கிக்கொண்டே "படல, படல" என்று சாதித்துக்கொண்டிருந்தார்கள். தனபால் அதை அடி என்றே எண்ணிக்கொண்டு சாய்ந்தான்.

கிடந்தான். மழை தூறியது. கணுக்காலில் ஓர் அட்டை ஏறியது, பிறகு கழுத்தில் ஒன்று. வாசலில் ஆள் இல்லை என்று அவன் படை கத்துவது காதில் விழுந்தது. எழுந்து ஓடலாம்தான். ஆனால் செத்தவன் எழுவானா? இவன் செத்துப் பழகிய இடம் அப்படி. ஒரு தடவை மோனிஷாவின் கொலுசுச் சத்தம் பக்கத்தில் கேட்டது. மூச்சை அடக்கிக்கொண்டு தண்ணீருக்குக் காத்திருந்தான். அவள் இந்த வருடம் இளவரசி. இவனைச் சுற்றிக்கொண்டு போய்விட்டாள்.

கோட்டை விழுந்தது, ஆட்டம் முடிந்தது, எல்லோரும் சாப்பிட்டார்கள். மூன்று மணி நேரம் கழித்து வேன் சாவி தேவைப்பட்டபோதுதான் ஆளைத் தேடினார்கள்.

"டிரைவர் எங்கப்பா? டிரைவர்!"

பாலசுப்பிரமணியம்தான் கண்டுபிடித்துத் தோளை உலுக்கினான். "என்னண்ணா, தூங்கிட்டீங்களா?"

சுற்றி நின்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். தனபால் எழுந்து உட்கார்ந்தான். கழுத்திலிருந்து ரத்தம் வழிந்தது.

"வைத்தியச்சி வரலீங்களே," என்றான்.

"இந்த வருசம் வைத்தியச்சி கிடையாதுண்ணா. நூறு எண்ணிட்டு முகாமுக்கு வந்தா திரும்பவும் உயிர். பேப்பர்ல தெளிவா போட்டிருந்தோமே, படிக்கலையா?"

எனக்கு இங்கிலீஷ் தெரியாது என்று சொன்னால் முடிந்தது. முப்பது பேர் பார்த்துக்கொண்டு நின்றார்கள், அதில் பத்துப் பேர் பெண்கள். அத்தனை பேர் முன்னால் அதைச் சொல்ல அவனுக்கு நாக்கு எழவில்லை. அங்கே ஆடியவர்களிலேயே ஒழுங்காகச் செத்தவன் அவன் ஒருவன்தான்.

"ஆமாங்க, கண்ணசந்துட்டனுங்க," என்றான்.

எழுபது வளைவும் அவர்களை இறக்கிக் கொண்டுவந்து விட்டான். வழி நெடுக அவன் தூங்கிய கதைதான் வேனுக்குள் பேச்சு.

போகவே கூடாது என்றுதான் இருந்தான். மூன்றாவது ஆடியில் போன் வந்தது, போனான். மரத்தில் லிஸ்ட் ஒட்டியிருந்தது. மோனிஷா கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கூட்டிப்போய்க் காட்டினாள்.

"பாருங்கண்ணா, உங்க பேரு. தனபால், தூங்கும் பூதம். நீங்க குகை வாசல்ல படுத்திருந்தா போதும். உங்களை எழுப்பாம தாண்டிப் போகணும், அதுதான் விளையாட்டே. உங்களுக்காகவே யோசிச்சு வச்சோம்."

பிரியமாகத்தான் செய்திருந்தார்கள். அதுதான் அவனால் தாங்க முடியாததாக இருந்தது. கவசத்தை வேனிலேயே வைத்துவிட்டு, அவர்கள் கொடுத்த கம்பளியைப் போர்த்திக்கொண்டு இரண்டு நாளும் குகை வாசலில் படுத்துக் கிடந்தான். ஒவ்வொருவராகத் தாண்டிப் போனார்கள்.

ஊருக்கு வந்ததும் நாகலட்சுமி வாசலிலேயே கேட்டாள்.

"பேரு ஏறுச்சுங்களா?"

"ஏறிருச்சு."

அவள் முகமெல்லாம் சிரிப்பு. கவசத்துக்கு வார் தைத்தவள் இல்லையா? "என்ன பேருங்க போட்டிருந்தாங்க?"

தனபால் செருப்பைக் கழற்றினான், காலைக் கழுவினான், துண்டால் துடைத்தான்.

"வேங்கைமாறன்," என்றான்.