ஓடை திரும்பிய காலை

ஆம்பூரில் ஷூ கம்பெனி ஒன்றில் மேல்தோல் தைக்கும் முபஷ்ஷிரா, பாலாற்றில் தண்ணீர் ஓடிப் பார்த்ததே இல்லை. அவளுக்குத் தெரிந்த ஆறு மணலும் முள்மரமும்தான். பாலாற்றில் போய்ச் சேரும் ஓடையின் ஓரம் மலிவாகக் கிடைத்த மனையில் வீடு கட்டலாம் என்று கணவன் தன்சீல் சொன்னபோது அவள் தயங்காததற்கு அதுவே காரணம். அங்கிருந்து வேலைக்கு நடந்தே போய்விடலாம். மேட்டுத்தெரு விலை அவர்களுக்குக் கட்டுப்படியாகாது. இப்படியே யோசித்து இன்னும் பல குடும்பங்கள் வந்து சேர, ஓடை சாக்கடை அளவுக்குச் சுருங்கிப்போனது.

சில வருடங்களுக்கு முன் கார்த்திகையில், ஒரு மாதம் பரவிப் பெய்ய வேண்டிய மழை இரண்டே நாளில் கொட்டியது. பாலாறு வரும் ஆந்திரா பக்கமும் அதே கதை. இப்போதெல்லாம் வானம் காய்ந்தால் ஒரேயடியாகக் காய்கிறது, மழை இறங்கினால் மொத்தமாக இறங்குகிறது. கம்பெனிக்கு லீவு விட்டார்கள்.

"ஆத்துல தண்ணி வந்துட்ச்சாம், வா போய்ப் பார்க்கலாம்" என்று பக்கத்து வீட்டு ஷர்மிளா கையைப் பிடித்து இழுத்தாள்.

பாலத்தில் திருவிழாக் கூட்டம். செந்நிறத்தில் இரு கரையும் தொட்டு ஆறு போய்க்கொண்டிருந்தது. யாரோ பூ தூவினார்கள். முபஷ்ஷிராவுக்குக் காரணமே இல்லாமல் சிரிப்பு வந்தது. கைப்பிடிச் சுவரில் சாய்ந்து ஆசை தீரப் பார்த்தாள். அப்போதுதான் ஓடை ஆற்றில் சேரும் இடத்தில் ஒரு பிளாஸ்டிக் குடம் மிதப்பது கண்ணில் பட்டது. அது ஆற்றை நோக்கி வரவில்லை. வீடுகளை நோக்கிப் போனது.

"ஷர்மி, ஆத்துத் தண்ணி ஓடையில ஏறுது. நம்ம தெருவுக்குத்தான் போவுது."

இருவரும் ஓடினார்கள். தெருமுனையிலிருந்தே கதவு கதவாகத் தட்டினார்கள். சிலர் உடனே பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார்கள். "முட்டிக்கால் தண்ணிதான், வடிஞ்சிடும்" என்றவர்கள்கூட, அது இடுப்புக்கு ஏறியதும் பேச்சை விட்டுவிட்டு நடந்தார்கள்.

கடைசி வீட்டில் அமிர்தவள்ளி, காலில் மாவுக்கட்டோடு கட்டிலில் இருந்தாள்.

"என்னால முடியாதும்மா. நீங்க போங்க."

"உன்னை வுட்டுட்டு எங்கக்கா போறது? கழுத்தைக் கெட்டியாப் புடிச்சிக்கோ" என்று முபஷ்ஷிரா குனிந்து அவளைத் தூக்கினாள்.

தெருவில் நின்ற, பழ வியாபாரி காஷிஃபின் தள்ளுவண்டியில் அவளை உட்காரவைத்து, ஷர்மிளா முன்னால் இழுக்க முபஷ்ஷிரா பின்னால் தள்ளினாள். மேடேறி மூச்சு வாங்கியபோது, பின்னால் வீடுகளின் புறச்சுவர்கள் ஒவ்வொன்றாகச் சரியும் சத்தம் கேட்டது. தெரு முழுக்க ஒதுங்கியிருந்த மேட்டுப் பள்ளிவாசல் மாடியில் தலைகளை எண்ணிப் பார்த்தார்கள். தன்சீல் உட்பட எல்லோரும் இருந்தார்கள், ஒருவரும் குறையவில்லை. முபஷ்ஷிரா அமிர்தவள்ளியைக் கட்டிக்கொண்டு அழுதாள், சிரித்தாள், மறுபடி அழுதாள்.

அதிகாரிகள் தொலைவில் அடுக்குமாடி வீடு தருவதாகச் சொன்னார்கள்.

"அங்கேர்ந்து ரெண்டு பஸ் மாறி எப்டி சார் வேலைக்கு வர்றது? பக்கத்துல குடுங்க, நாங்களே ஓடையைக் காலி பண்றோம்" என்றாள் முபஷ்ஷிரா. பெண்கள் எல்லோரும் திரும்பத் திரும்ப அவர்கள் முன்னால் போய் நின்றதில், முபஷ்ஷிரா வீடு உட்பட பாதிக் குடும்பங்களுக்கு ஊரை ஒட்டிய மேட்டில் இடம் கிடைத்தது. ஷர்மிளா உட்பட மீதிப் பேர் பழையபடி ஓடையோரமே சுவரெழுப்பிக்கொண்டார்கள்.

போன ஐப்பசியில், ஆம்பூரில் வெயில் அடித்துக்கொண்டிருந்தபோதே, மேலே மலைப்பக்கம் பெருமழை என்று முபஷ்ஷிராவுக்குத் தகவல் வந்தது. தையலை நிறுத்திவிட்டு ஷர்மிளாவுக்குப் போன் போட்டாள்.

"எல்லாரையும் கூட்டிக்கினு மேல வா. என் வூட்ல சோறு வடிக்கச் சொல்லிட்டேன்."

சாயங்காலம் ஓடையில் நீர் ஏறியபோது, தெருவில் ஓர் ஆள்கூட இல்லை.